மகதலேனாவுக்குப் பிடித்த கனடா ஜாக்கெட்

சேசு மரி சூசை துணை

சிம்பாங் பூலாய்,
பொங்கல் கழிந்த வியாழக்கிழமை

அன்புள்ள மச்சான் ரோய்ஸ்டனுக்கு உன் அக்கா புருஷன் டொமினிக் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் உன் அக்கா கெர்ட்ரூடும் மாடுகளும் சுகம். அங்கே கனடாவில் நீயும் விவியனும் உங்கள் வாசலில் குவிந்து கிடக்கும் பனியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. வாட்சாப்பில் பேசி அனுப்பினால் நீ பாதி கேட்டுவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதையாவது கடைசி வரை படி.

முதலில் நல்ல சேதி. நீ வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தபடி மாடுகளை விற்றுவிட்டு உன்னிடமே வந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். தஞ்சோங் ரம்புத்தானில் மாடு வைத்திருக்கும் பத்துமலை இன்று காலை லோரியோடு வந்து மகதலேனாவையும் கன்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மற்ற மாடுகளை அடுத்த வாரம் கொண்டுபோவதாகப் பேச்சு. இனிமேல் எனக்குக் கொட்டகை கழுவுகிற வேலையில்லை, புல் அறுக்கிற வேலையில்லை, வாலால் கன்னத்தில் அடி வாங்குகிற வேலையும் இல்லை. பெரிய நிம்மதி. உன் அக்கா காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் ஒரு விதத்தில் நிம்மதிதான்.

போன மாதம் போனில், "அத்தான், இங்க குளிர்ல மூக்கே கழண்டு விழுந்துரும் போல இருக்கு, ஒங்களுக்கென்னா, வருசம் பூரா வெயிலு" என்று சொன்னாய் பார், அது எனக்குச் சுருக்கென்று இருந்தது. எங்களுக்கும் குளிர்காலம் உண்டு மச்சான், நீ மறந்துவிட்டாய். கேமரன் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் டிசம்பர் முழுக்க மழைதான். இந்த வருஷம் அது நிற்கிற நினைப்பே இல்லாமல் பெய்தது. கொட்டகை சேறு, ரோடு சேறு, என் செருப்பு எங்கே என்று கேட்டால் அதுவும் சேறு. கன்றுக்குட்டிகளுக்குச் சாக்கை இரண்டாகக் கிழித்து முதுகில் கட்டினோம், ஒன்றின் சாக்கை இன்னொன்று தின்றது. கொசுவுக்கு மூட்டம் போடலாம் என்று தேங்காய் மட்டையைக் கொளுத்தினால் ஈர மட்டை, புகை நேராக வீட்டுக்குள் வந்தது, கொசுவும் கூடவே வந்தது. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மோட்டாரில் புந்தோங்குக்குப் பால் கொண்டுபோனால் டீக்கடை ராமையா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, பால்லயும் மழ பேஞ்சிருக்கு போல லா" என்கிறான். இருபது வருஷமாக என்னிடம் பால் வாங்குகிறவன் பேசுகிற பேச்சா இது? மேலே பார்த்துக் கேள் என்று வானத்தைக் காட்டிவிட்டு வந்தேன்.

அந்த நேரத்தில்தான் நீ அனுப்பிய பார்சல் வந்தது. கழுத்தைச் சுற்றி முடி வைத்த அந்தப் பெரிய சிவப்பு ஜாக்கெட். இரண்டு குளிர்காலம் நீ போட்டதாம், நாங்கள் அங்கே வந்து இறங்குகிற அன்றைக்கு நான் போட்டுக்கொள்ள வேண்டுமாம். கூட வந்த கையுறைகளை உன் அக்கா சட்டி இறக்க எடுத்துக்கொண்டாள். ஜாக்கெட்டை நான் அன்றைக்கே போட்டுக்கொண்டேன். விடியற்காலையில் மலையிலிருந்து மூடுபனி இறங்கும்போது அதற்குள் உட்கார்ந்து பால் கறந்தால் என்ன சுகம் தெரியுமா. அப்போதுதான் மகதலேனா கன்று போட்டிருந்தாள். கோயில் காலண்டரில் அன்றைக்கு எந்தப் புனிதரோ அந்தப் பெயரைத்தான் கன்றுக்கு வைக்க வேண்டும் என்பது உங்க அம்மா, என் அத்தை, வைத்துவிட்டுப் போன சட்டம், உனக்குத் தெரியும். மகதலேனாவுக்கும் அந்தக் கணக்கில்தான் இந்தப் பெயர் வந்தது. குணமெல்லாம் புனிதையிடமிருந்து வரவில்லை. ஜாக்கெட்டைப் பார்த்ததும் மோந்தாள், நக்கினாள், மடி கொள்ளாமல் பால் கொடுத்தாள். நானும் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்மஸ் காலையில் கறந்து முடித்த கையோடு, மழையாக இருக்கிறதே என்று அதே ஜாக்கெட்டோடு பூசைக்குப் போனேன். நம் பழைய தோட்டத்துக் கோயில்தான், தோட்டம் போனாலும் அது நிற்கிறது. சாமியார் பிரசங்கத்தில் இருக்கும்போது எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். கயிற்றை அறுத்துக்கொண்டு ஜாக்கெட் பின்னாலேயே வந்து வாசலில் நிற்கிறாள் மகதலேனா. குடிலுக்குப் பரப்பி வைத்த வைக்கோலில் பாதி அவள் வாயில். நான் அவசரத்தில், "மகதலேனா, போடி வெளிய" என்று கத்திவிட்டேன். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம் மகதலேனா அக்கா எழுந்து போய்விட்டார்கள். நான் விஷயத்தைச் சொல்ல இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாயை அவிழ்த்து விட்டார்கள்.

புது வருஷம் பிறந்தது, மழை நின்றது, வெயில் அடித்தது. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வெறும் பனியனோடு போய் உட்கார்ந்தேன். ஒரு சொட்டு விடவில்லை மச்சான். மடி கல்லாக இருக்கிறது, இவள் பாலை அடக்கிக்கொண்டு என்னை யாரோ மாதிரி பார்க்கிறாள். தவிடு வைத்தேன், தடவிக் கொடுத்தேன், மாதாவுக்கு வேண்டிக்கொண்டேன். எட்டி உதைத்தாள். கடைசியில் ஜாக்கெட்டைப் போட்டேன், சர்ரென்று இறங்கியது. சரி, கெர்ட்ரூட் போட்டுக் கறக்கட்டும் என்று பார்த்தோம், அதற்கும் கொடுத்தாள். அப்போ என் கைராசியுமில்லை ஒன்றுமில்லை. உன் அக்கா சிரித்துவிட்டு, "அதுக்கு ஒங்க மேல பாசமில்லைங்க, என் தம்பி வாசம் அதுல இருக்கு" என்றாள். சிரித்தவள் அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து உச்சி வெயிலில் கனடா ஜாக்கெட் போட்டுப் பால் கறக்கிற ஒரே ஆள் இந்தப் பேராக் மாநிலத்தில் நான்தான். பின்னேரக் கறவையில் வியர்வை பால் வாளியில் விழாமல் நெற்றியில் துண்டு கட்டிக்கொள்கிறேன். ராமையா ஒரு நாள் வீட்டுப் பக்கம் வந்தவன் பார்த்துவிட்டு, "அண்ணே, தஞ்சோங் ரம்புத்தானுக்கு நானே கொண்டு போய் விடவா?" என்றான். அந்த ஊர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை, அந்த ஊருக்கு மாடு போய்விட்டது. பத்துமலையிடம் ஜாக்கெட் விஷயத்தை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஜாக்கெட் இப்போது பெட்டிக்குள் பயணத்துக்குத் தயாராக இருக்கிறது.

மனசில் ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ அத்தை அடக்கத்துக்கு வந்து போனவன், அதற்குப் பிறகு தோட்டத்து ஆட்கள் இருந்த லயத்து வீடுகளையெல்லாம் இடித்துத் தாமான் என்று புது வீடுகளாகக் கட்டிவிட்டார்கள். எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே கேட். ஆனால் மாடுகளுக்கு இன்னும் அது தோட்டம்தான். சாயந்திரம் மேய்ந்துவிட்டு வரும்போது விடியலில் ஆள் கணக்கு எடுத்த பெரட்டுக் களத்தைச் சுற்றிக்கொண்டு, கிணறு இருந்த இடத்தில் திரும்பி, தாமான் காவல் கொட்டகைக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றுவிடும். அங்கேதான் உங்க அம்மா அரிசி கழுவிய தண்ணியை வாளியில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். மகதலேனா அத்தையைப் பார்த்ததே கிடையாது. அவள் தாய் நின்றாள், அதனால் அவளும் நிற்கிறாள். காவலுக்கு இருக்கிற நேப்பாளத் தம்பி முதலில் தடியைத் தூக்கினான். அப்புறம் அவன் ஊரிலும் மாடு இருக்கிறதாம், இப்போது அவனே சோறு பொங்கும்போது கழனித் தண்ணியை எடுத்து வைக்கிறான். இன்றைக்கு மகதலேனா வரவில்லையே என்று மலாயில் கேட்டான். நான் அவள் பங்குத் தண்ணியை மற்ற மாடுகளுக்கு ஊற்றிவிட்டு வந்தேன். குளிர்கால விடியலில் பெரட்டுக்கு ஓடுகிற சனமும், மாட்டு மூக்கிலிருந்து வருகிற ஆவியும், நீ போர்வையோடு போய் மாட்டு வயிற்றில் சாய்ந்துகொண்டு தூங்கினதும், எல்லாம் ஞாபகத்துக்கு வந்து இந்த வயதில் அழுகிறேன். போகட்டும்.

டிக்கெட்டைப் போட்டு விடு. விவியனுக்கு எங்கள் அன்பு. உங்கள் இருவரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. ஜெபத்தில் எங்களையும், உதை வாங்கிய என் முழங்காலையும் நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அத்தான்
டொமினிக்

பின்குறிப்பு: டிக்கெட் போடாதே. தபால் தலை ஒட்டுவதற்குள் இவ்வளவும் நடந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பத்துமலை லோரியோடு திரும்ப வந்துவிட்டார். கையில் கட்டு, காலில் கட்டு. எங்கள் ரோட்டில் சேறு இன்னும் காயவில்லை என்று தாமான் வாசலிலேயே மாட்டையும் கன்றையும் இறக்கிவிட்டார். நேப்பாளத் தம்பி எனக்குப் போன் போட்டு, "அங்கிள், லெம்பு பாலேக்" என்று கத்துகிறான், மாடு திரும்பிருச்சு என்று. ஓடிப்போய்ப் பார்த்தால் மகதலேனா வழக்கமான இடத்தில் நின்று கழனித் தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறாள். நான் பத்துமலையிடம் உண்மையைச் சொன்னேன். "அப்ப அந்த ஜாக்கெட்டையும் குடுங்கண்ணே, கொண்டு போறேன்" என்றார். அதுவரை வாயே திறக்காத உன் அக்கா, "மாட்ட வேணும்னா கொண்டு போங்க, என் தம்பி ஜாக்கெட்ட யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். இந்த ஊரை விட்டு வர மனசில்லாமல்தான் அவள் இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜாக்கெட் இல்லாமல் மாடு போகாது. ஜாக்கெட் இல்லாமல் நாங்கள் உன் பனிக்கு வர முடியாது. ஒரு ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், மற்ற மாடுகளையும் கொடுக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதனால் நீ வா மச்சான். வாசம் போய்க்கொண்டிருக்கிறது, இன்னொரு ஜாக்கெட்டை நன்றாகப் போட்டுக் கசக்கிக் கொண்டு வா. வந்தால் வீடு எங்கே இருந்தது என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது, நான் காட்டினாலும் நம்ப மாட்டாய். சாயந்திரம் மகதலேனா பின்னாலேயே நட. அவள் எங்கே நிற்கிறாளோ, அதுதான் உங்க அம்மா வாசல்.