அறுபத்தெட்டாவது நிமிடத்தில் அம்மா

மட்டாஞ்சேரி,
புதன்கிழமை காலை.

அன்புள்ள தங்கை ஸ்வர்ணலதாவுக்கு அண்ணன் ரமேஷ்பாபு எழுதிக்கொண்டது.

அப்பாவின் வாழ்க்கையைப் பற்றி எடுக்கப்போகும் படத்தில் அம்மா அறுபத்தெட்டாவது நிமிடத்தில் இறப்பாள், இதில் இனி மாற்றம் இல்லை என்பது நேற்று மாலை நாலே காலுக்கு உறுதியானது. தொலைபேசியில் இதை உறுதிசெய்தவர் உதவி இயக்குநர் ஸாதனா. செய்தி வந்தபோது அம்மா எனக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து கப்பைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். யாருடா போனில் என்று கேட்டாள். கேஸ் சிலிண்டர்காரன் என்றேன். முப்பத்தைந்து வருடம் நிருபராக இருந்தவன், ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதியதில்லை, அறுபத்துநாலு வயதில் பெற்ற தாயிடம் பொய் சொல்லும்படி ஆகிவிட்டது.

முறைப்படி முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும், இப்போது விசாரிக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூரில் சௌக்கியமா? இங்கே நான் சௌக்கியம். அம்மாவுக்கு வயது எண்பத்துநாலு, இரத்த அழுத்தம் நேற்று நூற்றுமுப்பதுக்கு எண்பது, இன்று காலை புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கடலை கேட்டாள். இதை இவ்வளவு விவரமாக எழுதிப் பதிவுசெய்ய வேண்டிய நிலைமை வந்திருக்கிறதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இயக்குநர் யூசுப் பள்ளுருத்திப் பையன், வீட்டில் தமிழ் பேசுகிறவன், நல்ல பையன்தான். அவன் தாத்தாவின் கல்யாணத்தில் அப்பா பாடியிருக்கிறாராம். அந்த மரியாதைக்காகத்தான் திரைக்கதையைப் படித்துப் பார்க்க ஒப்புக்கொண்டேன். நியாயமாக இருக்க வேண்டும் என்று, பாடகர்களையும் எழுத்தாளர்களையும் பற்றி வந்த ஏழு படங்களை ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். ஏழிலும் பாடுகிறவன் இருமுகிறான். முதலில் கைக்குட்டையில், பிறகு ஆர்மோனியத்தில். எழுதுகிறவன் ஒரு வரி எழுதிவிட்டுத் தாளைக் கசக்கி எறிகிறான், அறை முழுக்கத் தாள், கூட்டுகிறவள் எங்கே என்று தெரியவில்லை. நான் எங்கள் அலுவலகத்தில் அப்படிக் கசக்கியிருந்தால் மேனேஜர் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருப்பார். ஏழில் ஒருவனாவது நிம்மதியாக உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட வேண்டுமே, கிடையாது. சரி, ஊரார் கதை எப்படியோ போகட்டும் என்று நம் வீட்டுக் கதையைப் பிரித்தால் அதிலும் அப்பா மூன்றாம் பக்கத்திலேயே இருமுகிறார். எழுபத்தேழு வயது வரை அவர் இருமி நீ கேட்டிருக்கிறாயா? படத்தில் புயலில் தோணியில் நின்றுகொண்டு வைப்பின் தீவுக்குப் பாடிக்கொண்டே போகிறார். வைப்பின் படகில் கால் வைத்தாலே தலைசுற்றி, அக்கரை வரும்வரை எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காத மனுஷன். மழையைப் பார்த்ததும் அவருக்கு மெட்டு வருகிறதாம். மெட்டு வந்ததெல்லாம் சவரம் செய்யும்போது; கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து நம்மிடம் பாடிக் காட்டுவார், ஒரு பக்கம்தான் மழித்திருக்கும். பஜார் சாலையில் மிளகுக் கிடங்கில் முப்பது வருடம் மூட்டை எண்ணிய வேலை படத்தில் ஒரு நொடிகூட வரவில்லை. அதற்குப் பதிலாக ஜன்னலில் ஒரு பணக்கார வீட்டுப் பெண் நிற்கிறாள். யார் அவள் என்று கேட்டால், ‘அதொரு ஃபீலு சாரே’ என்கிறான் யூசுப்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். எழுபத்தோராம் பக்கம்தான் பொறுக்கவில்லை. 1966ஆம் வருட மழைக்காலத்தில் அப்பா வைப்பினில் ஒரு கல்யாண வீட்டில் பாடிக்கொண்டிருக்கும்போது இங்கே அம்மா காய்ச்சலில் இறந்துபோகிறாள். சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில், ‘இவர் இறக்கவில்லை, நேரில் பார்த்து உறுதிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். நீ பிறந்தது 1968 ஆவணியில் என்பதை நினைவுபடுத்திக்கொள். ஜூன் மாதம் ஸாதனா அல்வாவோடு உன் வீட்டுக்கு வந்து, உன் வேடத்தில் பெரிய நடிகை நடிக்கப்போகிறார் என்று சொன்னதும், ஒரு வரிகூடப் படிக்காமல் ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்துப் போட்டாயே, நீ பிறக்கவே இல்லை என்பதற்குத்தான் சம்மதம் தந்திருக்கிறாய். இதை யூசுபிடம் சொன்னேன். ‘குழப்பமில்ல சாரே, தங்கச்சியைப் பக்கத்து வீட்டுக் குட்டி ஆக்கிடலாம்’ என்றான்.

அம்மா இறந்துதான் ஆக வேண்டுமா என்று கேட்டேன். அவன் எனக்குச் சாயா வாங்கிக்கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினான். ‘சாரே, இடைவேளைக்கு ஒரு மரணம் வேணும். அப்பா சந்தோஷமாட்டு ஜீவிச்சாரு, எழுபத்தேழு வயசுல சாயா குடிச்சுட்டு, பேப்பர்ல நீங்க விட்ட தப்பைக் காட்டித் திட்டிட்டு, சாய்ஞ்சு இருந்தவாக்கில் போயிட்டாருன்னு எடுத்தா, ஆளு பாப்கார்ன் வாங்கப் போனா திரும்பி வராது.’

இனி என் தவறைச் சொல்கிறேன், மறைக்க மாட்டேன். நூற்றுநாற்பத்திரண்டு பக்கத்தில் முந்நூற்றுப் பதினொரு பிழை திருத்தினேன். பத்திரிகையில் பிழை திருத்தினவன் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் அச்சுக்குப் போகாது. முப்பத்தைந்து வருடப் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது. எர்ணாகுளத்தில் அவர்களுடைய வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, குடும்பத்தின் மூத்த மகன் ஒரு பக்கம் விடாமல் ஒப்பமிட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறார், இதைவிடத் தெளிவான சம்மதத்தைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திருத்தங்களைப் பற்றிக் கேட்டதற்கு, அவை ஆலோசனைகளாம். தன் தாயின் மரணத்துக்கு நூற்றுநாற்பத்திரண்டு இடத்தில் தேதியோடு ஒப்பமிட்ட மகன் இந்தக் கொச்சியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆகவே பாக்கி இருப்பது அம்மாவின் கையெழுத்து மட்டும். அவளிடம் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. தன் வேடத்தில் யார் நடிக்கிறார்கள் என்றுதான் தினமும் கேட்கிறாள். தன் சாவைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த மனசு என்ன பாடுபடும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ செய்ய வேண்டியது இது: உன் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக, இந்தக் கூரியர் கிடைத்தவுடன் பதிவுத் தபாலில் அந்தக் கம்பெனிக்கு எழுது. சனிக்கிழமை இங்கே வந்து சேர். போனில் அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சுவிடாதே. நான் இன்று பத்து மணிப் படகில் எர்ணாகுளம் போய் நமக்கென்று ஒரு வக்கீலைப் பார்க்கிறேன். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டு வருகிறேன். ரேஷன் கார்டு போதும் என்றுதான் நினைக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பான விசாரிப்பு. உன் குடும்பம் எந்தத் திரைக்கதையிலும் அகப்படாமல் நூறு வயது சௌக்கியமாக வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
ரமேஷ்பாபு

பின்குறிப்பு (அதே நாள், மாலை ஐந்தரை): பதிவுத் தபால் அனுப்பாதே.

நாலு மணிக்கு வீடு திரும்பினேன். முன்னறையில் அம்மாவும் யூசுபும் ஸாதனாவும் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தில் அம்மாவின் கையெழுத்து, மை காய்ந்திருந்தது. ஸாதனா எழுபத்தொன்று, எழுபத்திரண்டாம் பக்கங்களை இரண்டு தடவை படித்துக் காட்டினாளாம். இரண்டாவது தடவை அம்மாவே படிக்கச் சொன்னாளாம். நான் கத்தினேன். அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

‘இருடா. நீ எழுவதாம் பக்கத்துலயும் எழுவத்தொண்ணாம் பக்கத்துலயும் தப்புப் பாத்தே, எழுவத்திரண்டுல என்ன இருக்குன்னு பாத்தியா? நான் செத்ததும் உங்கப்பா என் தலைமாட்டுல உக்காந்து ஒரு பாட்டுப் பாடறாரு. கல்யாணம் கழிஞ்சு அம்பது வருஷம் அந்த ஆளுக்குச் சோறு வெளம்பினேன். ஊரான் பொண்டாட்டிக்கெல்லாம் பாடினாரு. எனக்கு ஒண்ணு பாடினாரா? செத்தாத்தான் பாடுவாருன்னா சினிமாவுல ஒருதரம் செத்துட்டுப் போறேன். உனக்கென்னடா நஷ்டம்?’

கல்யாண வீடுகளில் மணப்பெண்ணின் பெயரை வைத்து அப்போதே ஒரு பாட்டுக் கட்டிப் பாடுவதுதான் அப்பாவுக்குப் புகழ் என்பது உனக்குத் தெரியும். அவர்கள் போனபின் அவருடைய இரண்டு நோட்டையும் எடுத்து வைத்துச் சரிபார்த்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினாலு பாட்டு. எத்தனையோ பெண்களின் பெயர் இருக்கிறது. வீரலட்சுமி என்ற பெயர் ஒன்றில்கூட இல்லை. அம்மா சொன்ன தகவல் சரி.

நிலுவையில் இருப்பது பாட்டு. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், அவள் பெயர் அதில் வர வேண்டும். பாட்டு எழுதுகிறவர் மெட்டுக்குப் பெயர் நீளம், லட்சுமி என்று மட்டும் வைக்கலாமா என்று போனில் கேட்டார். பாதிப் பெயருக்குப் பாதிதான் சாவேன் என்று சொல்லச் சொன்னாள், சொன்னேன். முழுப் பெயரோடு பாடிப் பதிவுசெய்து வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கே கொண்டுவருவதாக யூசுப் வாக்குக் கொடுத்திருக்கிறான். நீ சனிக்கிழமை வராதே, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வந்துவிடு.