எழுமாற்றர் விசாரித்த மாப்பிள்ளை

கண்டி நகரில் ஒரு கோப்பைத் தேநீரைப் பற்றிக்கூட உறுதியாக அபிப்பிராயம் சொல்ல மறுத்த ஒரே மனிதர் எங்கள் எழுமாற்றர்தான். ஒரு வாய் குடித்தவரிடம், “எப்படிங்க ஐயா, நல்லாயிருக்கா?” என்று கேட்டேன்.

“கலக்காமல் மேலால குடிச்சனான் ஐசே. இது மேல்தண்ணியின்ர கதை. சீனி அடியில கிடக்குது, அதை ஆர் விசாரிச்சது?”

அன்றிலிருந்து அந்தக் கடைக்காரர் எங்கள் மேசைப் பக்கம் முகம் கொடுத்ததில்லை.

பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஊர் ஊராகப் போய்ச் சனங்களின் வாழ்க்கை நிலையைக் கேட்டறிந்து அறிக்கை எழுதும் ஒரு கந்தோரில் நான் கிளாக்கர். எழுமாற்றர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆய்வு உத்தியோகத்தர். ஊரில் எல்லோரையும் விசாரிக்க முடியாது, சிலரைத்தான் முடியும். அந்தச் சிலரை நம் இஷ்டத்துக்குப் பொறுக்காமல், எல்லோருக்கும் சமவாய்ப்புக் கொடுத்துச் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். இதற்கு எழுமாற்று மாதிரி என்று பெயர்; அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரும் இதிலிருந்து வந்ததுதான். ஆய்வுக்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. மனிதர் அதைச் சோற்றுக்குமல்லவா கொண்டுவந்தார்!

சாப்பாட்டுக் கடைகளின் பெயர்களை ஒரு பால்மா டின்னுக்குள் சீட்டாகப் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் அம்பிட்டிய மேட்டுக் கடையின் சீட்டு விழுந்தது. வெயிலில் மூச்சு வாங்க ஏறிப் போனால் கதவில் பூட்டு.

“பக்கத்துக் கடையில சாப்பிடுவோங்க ஐயா. கோழிக்கறி மணக்குது.”

“பக்கத்துக் கடை சீட்டில விழேல்லையே! வீடு பூட்டியிருந்தா பக்கத்து வீட்டில கேட்டு எழுதுற பழக்கமும் உம்மட்ட இருக்கோ?”

பசியோடு இறங்கினோம். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

குண்டசாலையில் முப்பத்திரண்டு வீடுகளுக்குப் போய், “தண்ணிக்கு ரொம்பக் கஷ்டமாங்க?” என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். முப்பத்திரண்டு வீட்டாரும் கஷ்டம் என்றார்கள். எழுமாற்றர் தலையில் அடித்துக்கொண்டார். “கஷ்டம் எண்ட சொல்லை நீரே அவையின்ர வாயில வைச்சா அவை துப்புவினமோ? ‘தண்ணி எங்க எடுக்கிறனீங்கள்?’ எண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வாரும்.” மறுபடியும் அதே வாசல் படலைகள், அதே பதினொரு நாய்கள். பாதி வீடுகளில் முற்றத்திலேயே கிணறு இருந்ததை நான் இங்கே சொல்லப் போவதில்லை.

இவற்றையெல்லாம் மன்னிக்கலாம். என் கலியாணத்திலும் அவர் கை வைத்தார்.

தாய் தகப்பன் இல்லாத எனக்கு முப்பத்தாறு வயதில் புசல்லாவையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அதற்கு முன் வந்த நான்கும் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் பிறகு எனக்கு யார் பெண் கொடுப்பது? பெண்ணின் தகப்பனார் புடவைக் கடைக்காரர். வழக்கப்படி மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தில் விசாரிக்க வந்தார். எந்தக் கந்தோரிலும் இதற்கு ஒரே பதில்தான்: தங்கமான பையன். ஆனால் அவர் போய் உட்கார்ந்தது எழுமாற்றருக்கு எதிர்க் கதிரையில்!

“பையன் எப்படிங்க ஐயா?”

“எனக்கெப்பிடித் தெரியும்? கந்தோரில எல்லாரும் நல்ல பிள்ளையள்தான். வெளியிலயும் விசாரிக்கோணும். அடுத்த கிழமை வாங்கோ.”

என்னை அறிந்த அத்தனை பேரின் பெயரையும் என்னிடமே கேட்டு வாங்கினார். “நல்லதாச் சொல்லுற ஆக்களை மட்டும் தராதையும்” என்று மிரட்டல் வேறு. டின்னைக் குலுக்கிப் பத்துப் பேரை எடுத்தார். எடுத்ததில் ஒருவர் என் சலவைக்காரர். தான் சொன்னதாக அந்த மனிதரே பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டது: “சட்டைய குடுக்கிறப்போ பொத்தான எண்ணுவாரு, வாங்கிறப்போ திரும்ப எண்ணுவாரு. கட்டிக்கப் போற பொண்ணு பாவங்க.” எண்ணாமல் விட்டு மூன்று பொத்தான் குறைந்தால் யார் பொறுப்பு?

அடுத்த கிழமை பெண்ணின் தகப்பனார் வந்தார். நான் பக்கத்து மேசையில் முத்திரைகளை எண்ணுவதுபோல் இருந்தேன். எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது.

“பத்துப் பேர்” என்றார் எழுமாற்றர். “ஏழு பேர் நல்லவர் எண்டினம். ரெண்டு பேர் கரைச்சல் பிடிச்ச ஆள் எண்டினம். ஒராள் பதில் சொல்லேல்லை.”

“கரைச்சல் இருந்துட்டுப் போகட்டுங்க. அந்தப் பதில் சொல்லாத ஆளு யாரு?”

“விசாரிச்ச ஆக்களின்ர பேரை நாங்கள் வெளியில விடுறதில்லை.”

“வாயத் தொறக்க மாட்டேன்னா, என்னமோ பெருசா இருக்குதுங்க. எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. இந்தப் பேச்சை இதோட விட்டுருவோம்.” அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நானும் முத்திரைகளைப் போட்டுவிட்டு எழுந்தேன். எழுமாற்றர் டின்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இருங்கோ. அது நான்தான். சீட்டில என்ர பேரும் விழுந்திட்டுது.”

“நீங்களா? பதில் சொல்றதுக்கு என்னங்க ஐயா?”

“பெத்த தகப்பனிட்டப் போய் மகன் எப்பிடி எண்டு கேட்டா, அந்தப் பதிலைக் கணக்கில சேர்க்கேலுமோ? பக்கச்சார்பு. என்ர பதிலும் அப்பிடித்தான். செல்லாது.”

வந்தவர் குடையைக் கதிரையில் சாய்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. “அப்போ கல்யாணத்த தை மாசத்தில வச்சுக்கலாங்களா?” என்று எழுமாற்றரிடமே கேட்டார்.

சலவைக்காரர் சொன்னதை, ஆளின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, எழுமாற்றர் என் மனைவியிடமும் சொல்லி வைத்தாரே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் மணவறையில் என் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் அவர்தான் நின்றார். அதற்கு நான் சீட்டுப் போடவில்லை.