ரிசப்டர் வெளியே, நான் உள்ளே

ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாம் அறிவாளிகள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. ஹிஸ்டமினைப் பற்றி பெங்களூரில் ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்த எனக்கு, என் தும்மலை நிறுத்த வழி தெரியவில்லை. (இன்றும் தெரியாது.)

அலர்ஜி வந்தால் நமக்குத் தும்மலும் அரிப்பும் வருவது பெரும்பாலும் உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தால்தான். அதைப் பிடித்துக்கொள்ள செல்லின் மேற்பரப்பில் ரிசப்டர்கள் இருக்கின்றன. ஹிஸ்டமின் வந்து ஒட்டியதும் செல் அந்த ரிசப்டரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அத்தோடு அதன் கதை முடிந்தது என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். முடிவதில்லை. உள்ளே போயும் அது சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம் அனுப்புகிறது என்று பார்ப்பதிலேயே என் இருபதுகள் போய்விட்டன.

அந்த வியாழக்கிழமை மதியம் மூன்று பேராசிரியர்கள் கொண்ட கமிட்டி வருவதாக இருந்தது. அவர்கள் தலையசைத்தால் நான் தீசிஸ் எழுத உட்காரலாம். இல்லையென்றால் இன்னொரு வருடம் அதே லேப், அதே செல்கள், அதே கேண்டீன் புளிசாதம். எடுத்து வைத்த படங்களைக் காட்டினால் போதும் என்றார் என் கைடு. நான்தான் மைக்ராஸ்கோப்பில் நேரடியாகவே காட்டுகிறேன் என்று வீம்பு பிடித்தேன். ரிசப்டர்கள் பச்சையாக ஒளிரும்படி செய்து வைத்திருந்தேன். அந்தத் திமிர்.

காலையில் அல்சூர் வீட்டில் எழுந்ததிலிருந்தே தும்மல். அம்மா ஒரு மாத்திரையை நீட்டினாள்.

"இப்படித் தும்முனா உன் மைக்ராஸ்கோப் ஆடாதா? இதைப் போட்டுட்டுப் போ."

"இது பழைய காலத்து அலர்ஜி மாத்திரைம்மா. தூக்கம் வரும்."

"எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. மூணு மணிக்குத்தானே கமிட்டி? அதுக்குள்ள தெளிஞ்சுடும் போ."

போட்டுக்கொண்டேன். மத்தியானம் மறுபடி தும்மல் வந்ததும் இன்னொன்றும் போட்டுக்கொண்டேன். (இது முழுக்க முழுக்க என் சொந்த அறிவு.)

மைக்ராஸ்கோப் அறை இருட்டாக, ஏசி குளிரோடு இருக்கும். மூவரும் திரையின் முன் அமர்ந்தார்கள். செல்களின் ஓரமெல்லாம் பச்சை. ஹிஸ்டமினை விட்டேன். "பத்து நிமிஷத்தில் எல்லாம் உள்ளே போய்விடும்" என்று அறிவித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன்.

அப்புறம் எனக்கு ஒன்றும் நினைவில்லை. கண் விழித்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கமிட்டியின் மூத்த பேராசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இன்னும் வலிக்கிறது.

"நாற்பது நிமிஷமாச்சு. ரிசப்டர் ஒண்ணுகூட அசையல. நீங்கதான் உள்ளே போயிட்டீங்க."

செல்கள் உடம்புச் சூட்டில் இருந்தால்தான் ரிசப்டரை உள்ளே இழுக்கும். அதற்காக மைக்ராஸ்கோப்பில் ஒரு ஹீட்டர் உண்டு. தூக்கக் கலக்கத்தில் அதைப் போட மறந்திருந்தேன். குளிரில் செல்கள் விறைத்துக் கிடந்தன.

கமிட்டி தலையசைத்தது, பக்கவாட்டில். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் போனதும் கைடு வந்து கதவைச் சாத்தினார். மாத்திரை போட்டதைச் சொன்னேன். தமிழர்கள் நிறைந்த காக்ஸ் டவுன்காரர், கோபம் வந்தால் தமிழ்தான்.

"நாம முழிச்சிருக்க மூளையில எந்த ரிசப்டர் வேலை செய்யணும், சொல்லும்மா?"

"ஹிஸ்டமின் ரிசப்டர், சார்."

"அந்த மாத்திரை எதை அடைக்கும்?"

"அதையேதான், சார்."

"இதை நீ எழுதியிருக்கியா இல்லையா?"

எழுதியிருந்தேன். முதல் வருட அறிக்கை, இரண்டாம் பக்கம். எனக்கு அழக்கூட அலுப்பாக இருந்தது.

மறு வருடம் ஹீட்டரைப் போட்டேன், ரிசப்டர்கள் உள்ளே போயின, பட்டமும் வந்தது. ஆனால் அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. சொந்தக்காரர்கள் கூடினால் அந்த வியாழக்கிழமைதான். நான் எதற்குத் தூங்கினேன் என்பதை விளக்க வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொள்வாள்.

"அந்த ரூம்ல அன்னிக்கு அத்தனை பெரிய படிப்பு படிச்சவங்க இருந்தாங்க, அத்தனை மெஷின் இருந்துச்சு. ஒழுங்கா வேலை செஞ்சது நான் குடுத்த மாத்திரை ஒண்ணுதான்."