தாலி டிக்கெட்

மாரண்டஹள்ளி பக்கம் விமானம் ஏறியவர்களில் டிக்கெட்டக்காவிடம் திட்டு வாங்காமல் ஏறியவர் ஒருவர்கூடக் கிடையாது. இத்தனைக்கும் அக்கா விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. அதில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தே ஊரையே பறக்கவிட்டார்.

அவருடைய ஜென்ம விரோதி மலிவு டிக்கெட்டுகளின் பெயர்கள். 'ஃப்ரீடம் லைட்', 'ஸ்மார்ட் ஜாய்', 'ஹேப்பி மேக்ஸ்'. ஒருநாள் விமானக் கம்பெனிக்கே போன் போட்டுவிட்டார்.

"ஃப்ரீடம்னு பேரு வெச்சிருக்கீங்க. பெட்டி போடக் கூடாது, தேதி மாத்தக் கூடாது, புருசன் பக்கத்துல உக்காரக் கூடாது. ஜெயிலுன்னே வெச்சிருக்கலாமுல்லீங்க?"

எதிர்முனைப் பெண் பாட்டைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

அன்றே அக்கா தன் கையால் பெயர் சூட்டினார். எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்றால் 'பொண்ணு பாக்கற' டிக்கெட். அபராதம் கட்டித் தேதி மாற்றலாம் என்றால் 'நிச்சயம்'. எதையுமே மாற்ற முடியாது என்றால் 'தாலி'. ஊர் இதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. தக்காளி வியாபாரி ஒருவர் வாசலில் நின்று, "அக்கா, மும்பைக்கு ரெண்டு தாலி போடுங்க" என்று கத்த, ஜெராக்ஸ் எடுக்க வந்த வெளியூர்க்காரர் ஆதார் கார்டைக்கூட வாங்காமல் நழுவினார்.

நர்ஸிங் முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்த எனக்கு டெல்லி ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. படித்த திமிரில் நானே போனில் டிக்கெட் போட்டேன். ஃப்ரீடம் லைட்! பிறகு நேர்காணலை ஒருநாள் முன்னதாக மாற்றிவிட்டார்கள். என் டிக்கெட் மட்டும் மாற மறுத்தது. அழுதுகொண்டே கடைக்கு ஓடினேன்.

"ஏங்கண்ணு, என்னைக் கேக்காம தாலி கட்டிக்கிட்டயா?"

"ஃப்ரீடம்னு போட்டிருந்துச்சுங்க்கா..."

"வாய மூடு. போனக் குடு."

திட்டிக்கொண்டே என் மெயிலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், நான் திறக்காமலே விட்டிருந்த ஒன்றில் நின்றார். காலை விமானத்தைக் கம்பெனியே சாயங்காலத்துக்கு மாற்றியிருந்தது. அக்கா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"மாப்ள வூட்டுக்காரங்களே முகூர்த்தத்த மாத்திட்டாங்க கண்ணு! இனி நாம சொல்றதுதான் தேதி!"

கம்பெனியே நேரத்தை மாற்றினால் நாமும் காசு கட்டாமல் தேதி மாற்றிக்கொள்ளலாமாம். அதே கம்பெனியோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டு, முந்தின நாள் விமானத்தில் எனக்கு இடம் வாங்கினார். எனக்கு வேலையும் கிடைத்தது.

டெல்லிக்கு வாங்க என்று அக்காவை எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். "கடைய யாரு பாப்பாங்க, அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார். போன வாரம் நானே டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டேன். உடனே போன்.

"என்ன டிக்கெட்டு கண்ணு இது?"

"தாலிங்க்கா. மாத்தவே முடியாது. வந்துதான் ஆகணும்."

திட்டு வரப்போகிறது என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"ஜன்னலோரமா கண்ணு?" என்றார், மெதுவாக.

ஊரையே பறக்கவிட்டவருக்கு ஜன்னலோரம் இல்லாமலா போடுவேன்?