கூரையை மாற்றித் தரக் கோரும் தீர்மானம்

அன்பும் மரியாதையும் மிக்க மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நீங்களும் அத்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னியுங்கள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் "ம்", "சரி மாமா" இரண்டைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை என்பது உங்களுக்கே தெரியும். எதையும் கேட்பதற்காக எழுதவில்லை. நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் என்னைச் சபைச் சங்கத்துக்குச் செயலராகப் போட்டார்கள். நம் வீட்டின் முதல் பட்டதாரி என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்ததன் பலன். "வேண்டாம்" என்றேன், யார் காதிலும் விழவில்லை. நான் பேசுவது எனக்கே பாதிதான் கேட்கும். நம் லுத்தரன் சபையில் செயலர் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியாததா? தீர்மானங்களை எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்து, குருவானவரிடம் கையெழுத்து வாங்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன், ஆலயக் கூரையை மாற்றித் தரும்படி மேலிடத்தைக் கேட்பது என்று ஐந்தாவது தடவையாகத் தீர்மானம் போட்டோம். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் சரியாகக் "கூரை" என்ற சொல்லின் மேலேயே விழுந்தது. மறுநாள் பார்சல் ஆபீஸில், சாப்பாட்டு நேரத்தில், மேலாளர் எட்டிப் பார்ப்பதற்குள் அவசர அவசரமாகத் தட்டச்சு செய்தேன். மை கரைந்த இடத்தில் கண் எதைப் பார்த்ததோ, கை "குரு" என்று அடித்து, அடுத்து வந்த கூரையையும் அப்படியே குருவாக்கிவிட்டது. நம் பதிவேடுகளில் குருவானவரைச் சுருக்கமாகக் குரு என்றுதானே எழுதுகிறோம்! அது இப்படிப் போய்ச் சேர்ந்தது மாமா: "நமது குரு மிகவும் பழையதாகி, பல இடங்களில் ஒழுகி, காற்றடித்தால் ஆட்டம் காண்பதாலும், இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை என்பதாலும், குருவை உடனே மாற்றித் தரும்படி ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

அனுப்புவதற்கு முன் கூட்டத்தில் வாசிக்கத்தான் செய்தேன். தகரத்தின் மேல் அடித்த மழையில் நான் வாயசைப்பதைப் பார்த்தே எல்லாரும் கை தூக்கினார்கள். குருவானவர் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. "நீ படிச்ச பொண்ணும்மா, நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, நிரம்பிய வாளியை நகர்த்திவிட்டு வந்து, தன்னை மாற்றச் சொல்லித் தானே கையெழுத்துப் போட்டார்.

நாலு கடிதத்துக்கு வாய் திறக்காத தலைமை அலுவலகம் ஒன்பதே நாளில் பதில் போட்டது. "தங்கள் குருவின் நிலை அறிந்து வருந்துகிறோம். கோரிக்கை பரிவுடன் ஏற்கப்பட்டது." மாத முடிவுக்குள் அவர் சபை கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். அவர் மகளுக்கு இன்னும் மூன்று மாதத்தில் பள்ளி இறுதிப் பரீட்சை. அந்தப் பெண் படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அவள் அம்மா அட்டைப்பெட்டியில் அடுக்குகிறார். நான் ஓடிப்போய் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். குருவானவர் தீர்மானத்தை இரண்டு தடவை படித்தார். "ஒழுகுறேன்னு போட்டதுதாம்மா கொஞ்சம் வருத்தம். ஆட்டம் காணுறது உண்மைதான்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பொருளாளரான தையல்காரரிடம் போனேன். "உங்களுக்குமா அண்ணே கேக்கல?" "ஏன் கேக்கல? உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன், குருன்னுதான் கேட்டுச்சு. சரி, எல்லாரும் பேசி முடிச்சிட்டாங்க போல, நாம எதுக்கு நடுவுல கெட்ட பேரு வாங்கணும்னு கை தூக்கிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, உன் மாமா சொல்லித்தானே எழுதினே?" என்றார். நீங்கள் எதற்காகச் சபையைவிட்டுப் போனீர்கள் என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை மாமா. பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "தீர்மானத்தை இன்னொரு தீர்மானம் போட்டுத்தாம்மா ரத்து பண்ணணும்" என்று எழுத்தர் வைத்துவிட்டார். அதற்குப் பொதுக்கூட்டம் கூட்டி, சந்தா பாக்கியில்லாத முப்பது உறுப்பினர்கள் நேரில் வந்து கை தூக்க வேண்டும். பதிவேட்டைத் திறந்தால் பாக்கியில்லாதவர்கள் பதினொரு பேர்! வாயே திறக்காத நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எலக்ட்ரீஷியன் வாசலிலேயே மறித்தார். "கூரை போடுங்க, சந்தா தர்றேன்." "சந்தா தந்தாத்தானே அண்ணே கூரை போடலாம்?" "ஒழுகுற கோயிலுக்கு எவன் சந்தா தருவான்?" இதையே மூன்று தடவை சுற்றி வந்தோம். கடைசியில் அவர் மனைவி உள்ளேயிருந்து, "அந்தப் பிள்ளை அழப்போகுது, குடுத்துத் தொலைங்க" என்றதும்தான் பணம் வந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நான் கண்ணீரை அடக்கவில்லை. அழுகைக்கு இவ்வளவு வசூல் உண்டு என்று கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொதுக்கூட்டம். தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் எழுந்து சொல்ல வேண்டும், இந்தத் தடவை காதில் விழும்படி. சொன்ன பிறகு, நான் பட்டம் வாங்கிய போட்டோவை அப்பா சுவரில் வைத்திருப்பாரா என்று தெரியவில்லை.

அத்தைக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் வீட்டையும், முக்கியமாக அதன் கூரையையும், காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
நீங்கள் ஆசையாக "ஆபீசர்" என்று கூப்பிடும்
மருமகள்

பின்குறிப்பு: எதையும் கேட்பதற்காக எழுதவில்லை என்று மேலே எழுதியது பொய். இருபத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். இனித் தட்டுவதற்குக் கதவு இல்லை. மிச்சமிருப்பது பதிவேட்டில் இன்னும் அடிக்காமல் இருக்கும் உங்கள் பெயர்தான், மூன்று வருடப் பாக்கியோடு. நீங்கள் அலைந்து திரட்டிய கூரை நிதியைக் குருவானவர் சங்கத்தைக் கேட்காமல் காவலாளி மனைவியின் ஆபரேஷனுக்குக் கொடுத்தபோது, "இவரை மாத்தணும்" என்று எழுந்து சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்காக ஒரு கைகூட எழவில்லை. பின்வரிசையில் இருந்த என் கையும் எழவில்லை. சட்டப்படி நீங்கள் சொன்னதே சரி மாமா. அதனால்தான் இதைக் கேட்க இவ்வளவு பக்கம் ஆகிவிட்டது. பாக்கியைக் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து, அவர் இருக்கட்டும் என்று கை தூக்குவீர்களா? ஆலயத்தில் ஒழுகாத இடம் ஒன்று எனக்குத் தெரியும். அங்கே உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன்.