மல்லாந்து படுத்தவர்களின் எதிரி

பழவேற்காட்டில் பொரட்டு சிஸ்டர் வேலை பார்த்த காலத்தில் ஒரு மனிதன் மல்லாந்து படுத்து நிம்மதியாகத் தூங்கினான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே அப்படித் தூங்க முடிந்தவர்கள் டச்சுக் கல்லறையில் இருப்பவர்கள் மட்டும்தான். வாசலில் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்துவிட்டு, எத்தனையோ தலைமுறையாகப் புரளாமல் கிடக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போது சிஸ்டர் அவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது பயன்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். யார் படுத்திருந்தாலும் புரட்டிப் போடுவார் என்பதால் ஊர் வைத்த பெயர் பொரட்டு சிஸ்டர். அதே இடத்தில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். என்னைக் கம்பவுண்டர் என்பார்கள்.

இந்தக் கதை இப்போது எதற்கு? கோபத்தில் எழுதுகிறேன். போன மாதம் ஒரு நர்சிங் கல்லூரி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். தங்கை மகள் அங்கே படிக்கிறாள். பட்டிமன்றம் வைத்தார்கள். 'செவிலியம் ஒரு கல்வித்துறையா, தொழிலா, அறிவியலா?' என்று தலைப்பு. கல்வித்துறை அணி, கோட்பாடு கோட்பாடு என்று கத்தியது. தொழில் அணி, உரிமை என்று மேசையைத் தட்டியது. அறிவியல் அணி திரையில் படம் காட்ட ஆரம்பித்தது, கரண்ட் போய்விட்டது. கடைசியில் நடுவர், மூன்றும் சேர்ந்த முக்கனி என்று தீர்ப்புச் சொல்லிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு சாப்பிடப் போனார். இவ்வளவு பேர் பேசினார்களே, ஒருவர் வாயிலாவது படுக்கையில் கிடக்கிற ஒரு ஆள் வந்தானா? வரவில்லை. சரி, நான் சொல்கிறேன்.

மத்தியானம் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பெஞ்சில் கொஞ்சம் கண் அயர்வேன். தோளில் ஒரு கை விழும், இடுப்பில் ஒரு கை விழும். அடுத்த நொடி என் மூக்கு சுவரில் இடிக்கும்.

"இன்னா சிஸ்டர் இது! எனக்கு இன்னா நோவா நொடியா?"

"நோவு வர்றதுக்கு முன்னாடிதான் பொரட்டணும், கம்பவுண்டரே. வந்தப்புறம் மருந்துக்கு உங்கிட்டதான் வரணும். நீ தூங்கிக்கினு இருப்ப."

நின்றிருந்த பஸ்ஸின் கடைசி சீட்டில் படுத்திருந்த கண்டக்டரைப் புரட்டியதில் அவர் பை கவிழ்ந்தது. சில்லறை பொறுக்கி முடித்து பொன்னேரி பஸ் கிளம்புவதற்குள் பயணிகள் பாதிப் பேர் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். மரத்தடியில் கிடந்த சாமியாரைப் புரட்டினார். தவம் கலைந்த சாமியார் டீ கேட்டார். கரையில் காயப்போட்டிருந்த கருவாட்டையும் விடவில்லை. போகிற போக்கில் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போவார். கருவாட்டுக்காரி கன்னியம்மாவுக்கும் அவருக்கும் இதில் தினமும் சண்டை.

"த பாரு சிஸ்டரு, எம்மீனு மேல கைய வெச்ச, ஒன்னியும் உப்புப் போட்டுக் காய வெச்சுருவேன்!"

"ஒரே பக்கம் கெடந்தா அடிப்பக்கம் அழுகிப் பூடும்மா."

"அது எனக்குத் தெரியாதா? நான் பொறந்ததே கருவாட்டு மேல!"

கன்னியம்மா பசியாவரம் தீவுக்காரி. காலையில் படகேறி இக்கரைக்கு வந்து வியாபாரம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். அவள் புருஷன் தேசப்பன் ஏரியில் வலை போடுகிறவன். ஒருநாள் படகைக் கரையேற்றும்போது அது சரிந்து அவன் மேல் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் செய்ய முடிந்ததைச் செய்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள்.

பார்த்துக்கொள்வது யார்? கன்னியம்மா கரைக்கு வராவிட்டால் அடுப்பு எரியாது. வந்தால் தேசப்பன் பகல் முழுக்க மல்லாந்தே கிடப்பான். கிடந்தான். முதுகுக்குக் கீழே படுக்கைப் புண் வந்தது. எங்கள் டாக்டர் படகில் போய்ப் பார்த்தார். புண் ஆழமாகிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டாவிட்டால் ஆள் பிழைக்கமாட்டான் என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். நான் மருந்து கொடுத்தேன். மருந்தின் மேலேயே படுத்துக் கிடக்கிறவனுக்கு அது என்ன செய்யும்?

சிஸ்டர் வேலை முடிந்ததும் தினமும் தீவுக்குப் போய்ப் புரட்டிவிட்டு வந்தார். மற்ற நேரத்துக்கு ஆள் இல்லை. அந்த ஆத்திரத்தில் அந்த வாரம் என்னைப் புரட்டிய புரட்டில் எனக்கே புண் வந்திருக்க வேண்டும்.

ஒருநாள் காலையில் ஜன்னலைத் தட்டினார். "கெளம்பு கம்பவுண்டரே. பசியாவரத்துல இன்னிக்குப் பாடு பிரிக்கிறாங்க."

ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்கிற முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் வெளியாள் வாய் திறக்கக் கூடாது. சிஸ்டர் முழங்கால் வரை நனைந்த சேலையோடு நேராக நடுவில் போய் நின்றார்.

ஊர்த் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, ஊசி போட வந்தியா? பாடு முடியட்டும்."

"தேசப்பன் பாட்ட இந்த தபா யாரு எடுக்கிறது, நைனா?"

"மாத்தி மாத்தி நாங்களே அவனுக்கு வலை போட்டு, பங்கக் கன்னிம்மா கைல குடுத்துடுவோம். பேசி முடிச்சாச்சு. நாங்க இன்னா மனுசனுங்க இல்லியா?"

"வலை போடுவீங்க சரி. அவனப் பொரட்டிப் போடுறது யாரு? அதுக்கும் சீட்டுப் போடு."

கூட்டம் சிரித்தது. தலைவரின் மருமகன் முனுசாமி, நல்ல உடம்புக்காரன், எழுந்து நின்றான். "அது ஒன் வேலம்மா. அதுக்குத்தான கவர்மெண்டு சம்பளம் தருது?" இன்னொருவர், "அது வைத்தியம்பா, படிச்சவங்க செய்யறது, நம்ம கை பட்டா கெட்டுப்பூடும்" என்றார். மூன்றாவது ஆள் அது பொம்பளைங்க சமாச்சாரம் என்றார். ஆக, பட்டிமன்றம் அன்றைக்கே பசியாவரத்தில் நடந்துவிட்டது. பொன்னாடை மட்டும்தான் இல்லை.

நடுவர் தீர்ப்பு மாதிரி தலைவர் சொன்னார்: "படுத்துக்கினு கீறவனுக்கு இன்னாம்மா கஷ்டம்? நமக்குத்தான் படுக்க நேரம் இல்ல."

சிஸ்டர் முகம் மாறியது. "படு நைனா."

"எங்க?"

"இங்கியேதான். மல்லாக்கப் படு. அசையக் கூடாது. அந்தக் கடையில எனக்கு ஒரு டீ போட்டுத் தர்ற வரிக்கும் படுத்துரு. நான் வாயத் தொறக்காம படகேறிப் போயிடறேன்."

இவ்வளவுதானா என்று தலைவர் துண்டை விரித்துப் படுத்தார். ஊரே சுற்றி நின்றது. டீக்கடைக்காரன் அப்போதுதான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான்.

"சிஸ்டரு, மூக்குல ஈ குந்துது."

"தேசப்பன் மூக்குலயுந்தான் குந்துது. கம்முனு படு."

"முதுவுக்குக் கீழ கிளிஞ்சலு ஒண்ணு குத்துதும்மா."

"அவனுக்குக் குத்தறதே தெரியாது. அதனாலதான் புண்ணு வந்துது. ஒனக்குத் தெரியுது பாரு, நீ குடுத்து வெச்சவன்."

"டேய், டீ ஆச்சாடா?"

"இப்பதான் தலைவரே தண்ணி வெச்சேன்!"

கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். புருஷன் விழுந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் கொதிப்பதற்குள் தலைவர் துள்ளி எழுந்து உட்கார்ந்தார். கிளிஞ்சலைத் தேடி எடுத்து ஏரியில் வீசினார். கொஞ்ச நேரம் தேசப்பன் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்டுப் போடுங்கடா."

அன்றைக்கே சிஸ்டர் முனுசாமியைத் தரையில் கிடத்திச் செய்து காட்டினார். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. அதற்கு முன்னால் கை கழுவ வேண்டும். அப்புறம் ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் வழிக்குக் கொண்டுவந்தார்கள். தேசப்பனுக்குத் தலை கிழக்கே. வடக்கே திரும்பினால் வாடைக் காற்று, தெற்கே திரும்பினால் சோழகக் காற்று. முறைக்கு வருகிறவன் வாசலிலிருந்தே கேட்பான்: "இப்ப இன்னா காத்து?" உள்ளேயிருந்து தேசப்பன் கத்துவான்: "சோழகம்டா! வாடைக்குத் திருப்பு. கைய கழுவினியா? எறா நாத்தம் அடிக்குது!" புரட்டுகிற நேரத்தில் எவன் வலை எங்கே சரியில்லை என்று அவனவனுக்குத் திட்டும் கிடைக்கும்.

ஒரே ஒரு நாள் முனுசாமி முறையை விட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டான். அடுத்து அவனுக்கு வந்த வலை முறையைத் தலைவர் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்தார். சொந்த மருமகன். மகள் வந்து அழுதாள், தலைவர் அசையவில்லை. முனுசாமிக்கே இந்தக் கதி என்றதும் அதற்குப் பிறகு ஒருத்தனும் தவறவில்லை. இது அறிவியலா, தொழிலா என்று பட்டிமன்றக்காரர்கள் எனக்கு எழுதித் தெரிவிக்கட்டும்.

புண் ஆற வெகுநாள் ஆனது. ஆறியது. புதுத் தோல் மூடியதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் சிஸ்டர் மத்தியானம் என்னைப் புரட்டவில்லை. எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது அவர் ரிட்டயர் ஆகி பழவேற்காட்டிலேயே தனியாக இருக்கிறார். இந்த மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சொந்தமாகப் புரள முடியாது. சேதி கேட்டு நான் ஓடிப்போனால், எனக்கு முன்னால் பசியாவரத்துப் படகு வந்து நிற்கிறது. கன்னியம்மா கூடத்தில் உட்கார்ந்து சீட்டுப் போடுகிறாள். தேசப்பன் மூன்று சக்கர வண்டியில் வாசலில் இருந்தபடி எல்லோரையும் அதட்டுகிறான்.

எனக்கும் ஒரு முறை வேண்டும் என்றேன்.

"நீ ஆம்பள, போய்யா" என்றாள் கன்னியம்மா.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "நோயாளிக்கு இன்னாடி ஆம்பள பொம்பள? கைய கழுவினானான்னு மட்டும் பாரு!"

கழுவிவிட்டுப் போய்த் தோளையும் இடுப்பையும் பிடித்தேன். அப்படியே பட்டிமன்றத் தலைப்பைச் சொல்லி, நீங்க இன்னா சொல்றீங்க சிஸ்டர் என்று கேட்டேன்.

"அது இன்னாவா வேணா இருந்துட்டுப் போவட்டும். தலகாணிய முட்டிக்கு நடுவுல வெய்யி. ஆங்... இன்னும் கொஞ்சம் வாடைக்கு."

மறுபடி நடப்பார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடக்கட்டும், என் மூக்கைச் சுவரில் இடிக்கட்டும். அதுவரைக்கும் வியாழக்கிழமை என் முறை. அதை ஒருத்தருக்கும் விட்டுத்தர மாட்டேன்.