செவ்வாய், சனி அறிகுறிகள்

டாக்டராகிவிடுவது என்று தீர்மானித்தேன். ஐம்பத்தொன்பதாவது வயதில்.

ஸ்ரீராம்பூர் சணல் ஆலையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், நிகுஞ்ச பாக்சி. நாலாயிரம் பேர் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று என்னைக் கேட்டுத்தான் ஆலை தெரிந்துகொள்ளும். வீட்டில் இருப்பது என்னைத் தவிர ஒரே ஆள். அவள் எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்பது மட்டும் என் கணக்கில் வரவில்லை.

என் மனைவி பீனாபாணி தெருப் பெண்களின் கீர்த்தனைக் குழுவில் பாடுகிறாள். செவ்வாயும் சனியும் மாலையில் காளி கோயில் மண்டபத்தில் ஒத்திகை. மகள் மிட்டு கல்யாணமாகி ஜாம்ஷெட்பூர் போய்விட்டாள். அந்த இரண்டு மாலைகளிலும் வீட்டில் நானும் மேஜை விசிறியும். நான் ஏதாவது சொன்னால் விசிறி மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டி மறுத்துவிடும்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழிதான் ஹோமியோபதி. எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு ஹோமியோபதி டாக்டர்கள். எல்லோர் வீட்டிலும் மாலையில் கூட்டம். கூட்டம் இருந்தால் டீ வேண்டும். டீ போடுகிறவள் ஒத்திகைக்குப் போக முடியாது. மனிதகுலத்தின் நோயைத் தீர்ப்பதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

"ஹோமியோபதி படிக்கப் போறேன், மிட்டு அம்மா."

"எவ்வளவு நாள் படிப்பு?"

"மூணு வருஷம். சாயந்தர வகுப்பு. பரீட்சையில தேறிட்டா பேரைப் பதிவு பண்ணிக்கலாம். அப்புறம் வாசல்ல பலகை."

"நல்லது. என்னென்னிக்கு வகுப்பு?"

"திங்கள், புதன், வெள்ளி."

"செவ்வாய், சனி இல்லியா?"

"இல்ல."

"கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன். அந்த ரெண்டு நாளும் வச்சாங்கன்னா வீட்டைப் பூட்டிட்டுப் போக எனக்கு வசதி."

வகுப்பு எடுத்தவர் டாக்டர் மொய்த்ரா. எழுபது வயது. எந்த நோயாளியையும் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்காமல் விடமாட்டார். உப்பு பிடிக்குமா, இடப்பக்கம் படுப்பீர்களா, அழுதால் ஆறுதல் சொல்வது பிடிக்குமா, கனவில் யார் வருகிறார்கள். அதன் பிறகுதான் கடுகு மாதிரி நாலு சர்க்கரை உருண்டை.

ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து, நோயாளிகளைப் பார்க்கும் தன் சேம்பரில் உட்கார வைப்பார். மேஜைக்குப் பின்னால், அவர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி. வாரத்தில் ஏழு மாலையும், வகுப்பு நாளில் வகுப்பு முடிந்த பிறகு. நோயாளிகள் பேசிக்கொண்டே இருப்பார்கள். நாம் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அந்த நாற்காலியைப் பார்த்த பிறகு டீ திட்டம் எனக்கு மறந்தே போயிற்று. நாற்காலி போதும்.

அதற்கு ஒரு சோதனை வைத்தார். ஹோமியோபதியில் மருந்தை முதலில் ஆரோக்கியமான ஆள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவனுக்கு என்னென்ன தொந்தரவு வருகிறதோ, அதே தொந்தரவோடு வரும் நோயாளிக்கு அதுவே மருந்து. எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சின்னக் குப்பி கொடுத்தார். உள்ளே இருந்தது ஒரே மருந்து. பெயர் சொல்லவில்லை. ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு வந்து, உடம்பிலும் மனசிலும் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். யார் நுணுக்கமாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு நாற்காலி.

குப்பியோடு வீட்டுக்கு வந்து சட்டம் போட்டேன்.

"இன்னிலேர்ந்து ஒரு மாசம் வீட்டுல வெங்காயம் கூடாது. பூண்டு கூடாது. கற்பூரம் கூடாது. வாசனை பட்டா மருந்து செத்துப் போயிடும்."

"ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி?"

"வெங்காயம் இல்லாம பண்ணு."

"சரி. அது என்ன மருந்து?"

"தெரியாது."

"கொடுத்தவருக்கு?"

"அவருக்குத் தெரியும். சொல்ல மாட்டார். அதுதான் முறை."

"உங்களுக்கு இப்ப என்ன உடம்பு?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன். நல்லா இருக்கறவன்தான் சாப்பிடணும்."

"நல்லா இருக்கற ஆளு, பேர் தெரியாத மருந்தைச் சாப்பிட்டு, என்ன கேடு வருதுன்னு உக்காந்து பார்க்கணும். அதானே?"

"அதேதான்."

"சரி," என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்ன நாள் எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை. அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் நெஞ்சுக்குள் யாரோ ஈரச் சாக்கை மடித்து வைத்தது போல ஒரு கனம். பசி இருக்கிறது, தட்டைப் பார்த்தால் போய்விடுகிறது. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. ஆற்றுக்கு அந்தக் கரையில் ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து நின்று சட்டையைத் தேடுகிறேன். ஒருமுறை விசிறியை அணைத்துவிட்டு, அது நின்றதும் கண் கலங்கியது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எவ்வளவு அருமையான அறிகுறிகள். வகுப்பில் வேறு எவனுக்கும் இப்படி வந்திருக்காது.

வரவில்லை. மாத முடிவில் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஒருவருக்கு முழங்கை அரிப்பு. இரண்டு பேருக்கு ஏப்பம். என் முறை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் மொய்த்ரா கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்ப அதிகமாகுது, பாக்சி பாபு?"

"சாயந்தரம் ஆறு மணிக்கு மேல. தனியா இருந்தா."

"எதனால குறையுது?"

"வாசல் கேட்டோட கொக்கி சத்தம் கேட்டா."

"தினமும் வருதா?"

யோசித்தேன். பழைய டைம் கீப்பர் ஆயிற்றே. "இல்ல, டாக்டர் பாபு. செவ்வாயும் சனியும்."

கிழமை பார்த்து வேலை செய்யும் மருந்தை அவர் ஐம்பது வருடத்தில் பார்த்ததில்லையாம். "நாற்காலி கிட்டத்தட்ட உங்களுக்குத்தான்," என்றார். "ஒரே ஒரு பாக்கி. வீட்டுல கூட இருக்கறவங்க வாயாலயும் கேக்கணும். செவ்வாய்க்கிழமையே வர்றேன்."

வந்தார். பீனாபாணி புடவை மாற்றி ஒத்திகைக்குத் தயாராக இருந்தாள். டீயும் சந்தேஷ் இனிப்பும் வைத்தாள். அவர் என் அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஈரச் சாக்கு, ஆலைச் சங்கு, கொக்கி, செவ்வாய், சனி. அவள் என்னைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் இந்த மருந்துனாலதான் வந்ததாம்மா?"

"இருக்காது, டாக்டர் பாபு."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவர் அதைச் சாப்பிடவே இல்லியே."

நான் குப்பியை எடுத்துக் காட்டினேன். பாதி காலி.

"அது வெறும் சர்க்கரை உருண்டை," என்றாள் என் பக்கம் திரும்பி. "நீங்க மருந்து குடுத்துப் பழகறதுக்குன்னு ஒரு டப்பா வாங்கி வச்சிருக்கீங்களே, அதுலேர்ந்து போட்டேன். மொத நாளே மாத்திட்டேன். பேர் தெரியாத மருந்தைச் சாப்பிட்டு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மிட்டுவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"என் மருந்து?"

"துளசித் தொட்டியில கொட்டினேன். துளசி நல்லாத்தான் இருக்கு. அது சாயந்தரத்துல சட்டையைத் தேடல."

டாக்டர் மொய்த்ரா டீயைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். வகுப்பில் பார்க்கிற பார்வை இல்லை அது.

"மருந்தே சாப்பிடலைன்னா அறிகுறியெல்லாம் உங்களோடது, பாக்சி பாபு. நாளைக்கு சேம்பருக்கு வாங்க."

போனேன். நாற்காலி கிடைத்தது. மேஜைக்கு இந்தப் பக்கம், நோயாளி நாற்காலி. உப்பு பிடிக்குமா, இடப்பக்கம் படுப்பீர்களா, அழுதால் ஆறுதல் பிடிக்குமா என்று முக்கால் மணி நேரம் கேட்டார். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. பக்கத்து நாற்காலியில் முழங்கை அரிப்புக்காரர் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு குப்பி கொடுத்தார்கள். இந்த முறையும் பெயர் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை விளக்கு வைத்ததும் பீனாபாணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கெளம்புங்க."

"எங்க?"

"டாக்டர் கிட்ட சொன்னீங்கல்ல, தனியா இருந்தா அதிகமாகுதுன்னு. ஹார்மோனியத்தைத் தூக்குங்க."

தூக்கினேன். அன்றிலிருந்து செவ்வாயும் சனியும் ஹார்மோனியம் என் தோளில். மண்டபத்தில் செருப்புகளுக்குப் பக்கத்தில் கடைசிப் பாய் எனக்கு. பெண்கள் பாடுவார்கள். என்னோடு யாரும் பேசுவதில்லை. ஆனால் வீட்டில் பேசாமல் இருந்தது ஒரு விசிறி. இங்கே பதினோரு பேர். திரும்பும்போது கேட்டின் கொக்கியை நானே திறக்கிறேன். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. இத்தனை நாள் எப்படி அவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று ஒருநாள் கேட்டேன். "நான் ரெண்டு தடவை ஆட்டிட்டு வருவேன்," என்றாள்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் மொய்த்ரா கேட்டார். "அந்தச் சாக்கு?"

"இல்ல, டாக்டர் பாபு."

"ஆலைச் சங்கு?"

"ஊதுது. சட்டையைத் தேடறதில்ல."

"பார்த்தீங்களா மருந்தோட வேலையை," என்று முழங்கை அரிப்புக்காரரிடம் திரும்பினார். அவர் தலையாட்டினார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பீனாபாணியைத் தேடினேன். முற்றத்தில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பேர் தெரியாத மருந்துன்னு சொன்னியே. இப்ப பார்த்தியா? டாக்டர் குடுத்தது எப்படிக் கேட்டிருக்கு. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

"ம்."

"என்ன ம்?"

அவள் செம்பைக் கீழே வைத்தாள். துளசி என் இடுப்பு உயரம் வளர்ந்து, கிளை கிளையாகப் பூத்து, தொட்டிக்கு வெளியே சாய்ந்து நின்றது.

"உங்களுக்குத் தெரியல," என்றாள். "இதுக்குத்தான் ரொம்ப நல்லாக் கேட்டிருக்கு."